சின்ன உருவங்களில் பழைய பெயிண்ட்: ஓசூர்ப் பக்கத்து உரிப்பு முறைகள்

ஓசூரில் பெயிண்ட் அடிப்பதைப் பற்றிப் பேச ஆள் நிறைய உண்டு. அடித்த பெயிண்டை எடுப்பதைப் பற்றி ஆயுத பூஜை மலர்களில் யாரும் எழுதிப் பார்த்ததில்லை. இத்தனைக்கும் இந்த ஊரில் அது ஒரு தனித் தொழில். 1980இல் டிவிஎஸ் 50 மொபெட் இங்கிருந்து வெளிவந்தது. அசோக் லேலண்ட் ஆலையும் அதே காலத்தில் வந்தது. அவற்றைச் சுற்றிச் சிப்காட்டிலும் சிட்கோவிலும் பெயிண்ட் ஷாப்புகளும் பவுடர் கோட்டிங் பட்டறைகளும் முளைத்தன. லைனில் உதிரிபாகத்தைத் தாங்கிப் போகும் ஹேங்கர் ஒவ்வொரு சுற்றிலும் தானும் ஒரு பூச்சு வாங்கிக்கொள்ளும். பூச்சு தடித்துவிட்டால் எர்த் கிடைக்காது. எர்த் இல்லாவிட்டால் பவுடர் ஒழுங்காகப் பிடிக்காது. ஆகவே ஹேங்கரை உரித்தே தீரவேண்டும்.

அந்த உரிப்பில் மூன்று வழிகள் உண்டு. சூடான காஸ்டிக் தொட்டியில் ஊறப்போடுவது ஒன்று. எண்ணெய் வகைப் பெயிண்டை அது சோப்பாக மாற்றிக் கழற்றிவிடும். எபாக்சி பவுடரிடம் அவ்வளவு எளிதில் அதன் பருப்பு வேகாது. 400 டிகிரியை ஒட்டிய சூட்டில் அடுப்பில் எரித்துச் சாம்பலாக்குவது இரண்டாவது. துகளைப் பீய்ச்சி அடித்துத் தேய்க்கும் ப்ளாஸ்டிங் மூன்றாவது. அவசரத்துக்கு மெத்திலீன் குளோரைடு கலந்த ரிமூவரும் உண்டு. பூசிய சற்று நேரத்தில் பெயிண்ட் பொங்கிச் சுருங்கி எழுந்து நிற்கும். அந்தத் திரவம் 40 டிகிரியிலேயே கொதிப்பது. மூடிய அறையில் அதன் ஆவியை இழுத்தால் உடம்புக்குள் போய்க் கார்பன் மோனாக்சைடாக மாறும். அமெரிக்காவில் 2019இலேயே அது கலந்த ரிமூவரைப் பொதுமக்களுக்கு விற்பதைத் தடுத்துவிட்டார்கள்.

தொட்டி ஓட்டுபவருக்குத் தரம் என்றால் நேரம்தான். எத்தனை ஹேங்கர், எத்தனை மணியில். கம்பி கொஞ்சம் தேய்ந்தால் யாரும் கேட்கமாட்டார்கள். தேயத்தானே அது இருக்கிறது.

பழைய பொம்மைக் காரையோ ஈயச் சிப்பாயையோ புதுப்பிக்க நினைக்கும் நம்மவர் தெரிந்த தொட்டிக்காரரிடம் அதைக் கொடுக்கும்போது சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. ஹேங்கர் இரும்பு. பொம்மைக் கார் பெரும்பாலும் ஜமாக் என்கிற துத்தநாகக் கலவை. காஸ்டிக் இரும்பை விட்டுவைக்கும். துத்தநாகத்தையும் அலுமினியத்தையும் ஹைட்ரஜன் குமிழி கிளம்பக் கிளம்பத் தின்னும். கதவுக் கோடும் விளக்கின் விளிம்பும் முதலில் போகும். எரிக்கும் அடுப்பு இன்னும் மோசம். ஈயமும் வெள்ளீயமும் கலந்த உருவங்களில் சில 183 டிகிரியிலேயே உருகத் தொடங்கும். ஜமாக்கும் 400 டிகிரிக்கு முன்பே இளகிவிடும். அடுப்பைத் திறந்தால் சிப்பாய் இருக்கமாட்டார், தட்டில் ஒரு வழிசல் இருக்கும். ப்ளாஸ்டிங் மூக்கையும் விரலையும் சேர்த்தே எடுத்துவிடும்.

அதனால் சின்ன உருவத்துக்கென்று வேறு முறைகள் வளர்ந்தன. இவை வெளிநாட்டுப் பொழுதுபோக்காளர்களிடமிருந்து வந்தவைதான், ஆனால் சாமான்கள் எல்லாம் நம் மருந்துக்கடையிலும் பைக் மெக்கானிக் கடையிலும் கிடைப்பவை. அவற்றைக் கட்சி கட்டிக்கொண்டு ஆதரிக்கிறார்கள்.

டெட்டால் கட்சி பெரியது. பழுப்பு நிறப் பழைய டெட்டால்தான் வேண்டும். குளோரோசைலினால் 4.8 சதவீதம் என்று புட்டியில் போட்டிருந்தாலும் பெயிண்டை இளக்குவது அது இல்லை. கூட இருக்கும் டெர்பினியோலும் ஆல்கஹாலும்தான். உருவம் மூழ்க ஊற்றி ஓர் இரவு வைத்தால் பெயிண்ட் தோலாக எழும்பும். இந்தக் கட்சியில் ஒரே ஒரு சட்டம், அதை மீறுபவர்தான் அதிகம்: தேய்த்து முடிக்கும்வரை தண்ணீர் படக்கூடாது. தண்ணீர் பட்டதும் டெட்டால் வெளுத்துப் பாலாகும். கழன்ற பெயிண்ட் பிசினாகி மடிப்புக்குள் மறுபடி போய் ஒட்டிக்கொள்ளும். பிரஷ்ஷையும் டெட்டாலில் நனைத்தே தேய்க்கவேண்டும், முதல் அலசலும் டெட்டாலிலேயே. அதன்பிறகுதான் சோப்புத் தண்ணீர்.

பிரேக் ஆயில் கட்சி ஓசூருக்கு இயல்பானது. டேங்கின்மேல் பிரேக் ஆயில் சிந்தினால் பெயிண்ட் கிளம்பும் என்பது எந்த மெக்கானிக்குக்கும் தெரியும். கிளைகால் ஈதர் சேர்ந்த டாட் 3, டாட் 4 ஆயில்கள் அப்படிச் செய்யும். டாட் 5 சிலிகான், அது பெயிண்டைத் தொடாது. பெயர் பார்க்காமல் வாங்கி வந்து ஒரு வாரம் ஊறவைத்துப் பயனில்லை. எனக்கு இந்தக் கட்சி பிடிப்பதில்லை. தோல் வழியாக உடம்பில் ஏறும், பிசுக்கு லேசில் போகாது, பிசுக்கு மிச்சமிருந்தால் புதிய ப்ரைமர் நிற்காது.

ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் சுத்தமானது, சீக்கிரம் காயும். அக்ரிலிக் பெயிண்டை நன்றாக எடுக்கும்; முப்பது வருடம் இறுகிய எனாமலிடம் பெரும்பாலும் தோற்கும். கடைசியில் அசிட்டோனும் என்.சி. தின்னரும். உலோகத்துக்கு இவற்றைவிட வேகமானது இல்லை. பிளாஸ்டிக்குக்கு எமன்: பாலிஸ்டைரீனும் ஏ.பி.எஸ்ஸும் கரைந்தே போகும். மென்மையான பி.வி.சி. பொம்மையைக் கரைப்பானில் ஊறவிட்டால், இளக்கமாக வைத்திருந்த சேர்மானம் வெளியேறிப் பிற்பாடு விறைத்து வெடிக்கும். பெயிண்ட் என்னவென்று ஆராய்வதைவிட அடியில் இருப்பது என்னவென்று அறிவதே முக்கியம் என்பது என் கட்சி. பீடத்தின் அடிப்பக்கத்தில் பஞ்சால் ஒரு சொட்டு வைத்துப் பார்த்தால் போதும். பளபளப்பு மங்கினாலோ விரல் ஒட்டினாலோ அந்தத் திரவத்தை மூடி வைத்துவிடலாம்.

மாநில எல்லையில் இருப்பதால் இங்கே ஓர் எச்சரிக்கை கூடுதலாகத் தேவை. நம் வீட்டுக் கொலுவில் கர்நாடகத்துச் சென்னபட்டணத்து மரப்பொம்மைகளும் நிற்கும். வெட்பாலை மரத்தைக் கடைசலில் ஓட்டி, அதன் சூட்டிலேயே அரக்கை உருக்கிப் பூசியது அந்த நிறம். அரக்கு ஆல்கஹாலில் கரையும். உலோகச் சிப்பாய்க்கு மென்மையான அதே ஐசோபுரொப்பைல் இங்கே நிறத்தை முழுக்க வழித்துவிடும். மண் பொம்மை, காகிதக்கூழ் பொம்மை பற்றிச் சொல்லவே வேண்டாம்; எந்தத் திரவத்திலும் ஊறப்போடக்கூடாது.

கருவிகளில் பழைய பல் பிரஷ், மூங்கில் சீவல், ஈர்க்குச்சி இவை போதும். தென்னை ஈர்க்குச்சியின் நுனியைச் சற்று நசுக்கினால் கவசத்தின் மடிப்புக்குள் போகும், ஈயத்தைக் கீறாது. ஊசியும் பித்தளை பிரஷ்ஷும் வேண்டாம். கடிகாரக்காரரும் கண்ணாடிக் கடைக்காரரும் வைத்திருக்கும் அல்ட்ராசானிக் தொட்டி கடைசிக் கசடை எடுக்க நல்லது. தீப்பற்றும் திரவத்தை மட்டும் அதில் ஊற்றவேண்டாம்.

நேர்த்தியை எப்படி அளப்பது? முலாம் பட்டறைகளில் ஒரு பழைய சோதனை உண்டு. கழுவிய உலோகத்தின்மேல் தண்ணீர் உடையாத படலமாக நின்றால் சுத்தம். முத்து முத்தாகப் பிரிந்தால் எண்ணெயோ பிசினோ மிச்சம். உலோக உருவத்துக்கு அதையே வைத்துக்கொள்ளலாம். பிளாஸ்டிக்குக்கு அது செல்லாது, ஏனென்றால் பிளாஸ்டிக் தானாகவே தண்ணீரை விலக்கும். அதைவிடப் பெரிய சோதனை கண்ணிமை, பொத்தான், சட்டை மடிப்பு இவை அச்சில் இருந்த கூர்மையோடு இருக்கின்றனவா என்பது. மடிப்பின் ஆழத்தில் ஒரு துளி பழைய சிவப்பு மிஞ்சினால் நான் குறை சொல்லமாட்டேன். அதைத் துரத்திப்போய் மடிப்பையே தேய்த்தவரைத்தான் குறை சொல்வேன்.

உரிக்கவே கூடாது என்றும் ஒரு கட்சி உண்டு. அதில் நியாயம் இருக்கிறது. இங்கிலாந்தின் டிங்கி அச்சுகளைக் கொண்டு கல்கத்தாவில் வார்த்த நிக்கி கார்களை இன்று சேகரிப்பவர்கள், சிராய்ப்போடு இருந்தாலும் அசல் பூச்சைத்தான் கேட்கிறார்கள். உரித்து மினுக்கிய கார் அவர்களுக்கு வேண்டாம். தஞ்சைப் பெரிய கோயிலில் நாயக்கர் ஓவியத்தின் அடியில் சோழர் ஓவியம் இருப்பதை 1931இல் எஸ்.கே.கோவிந்தசாமி கண்டறிந்தார். பிற்பாடு தொல்லியல் துறையினர் மேலடுக்கைப் பெயர்த்து வேறு பலகையில் ஏற்றிக் காப்பாற்றினார்கள். எடுத்த அடுக்கையும் பொருளாக மதித்த உரிப்பு அது. அந்தத் தரத்தை வீட்டு மேசையில் எட்டமுடியாது. ஆனாலும் உரிக்குமுன் நாலு பக்கமும் படம் எடுத்துவைப்பதும், காரின் அடியில் ஒரு விரற்கடை அசல் பூச்சை விட்டுவைப்பதும் யாராலும் முடியும்.

கிருஷ்ணகிரிப் பக்கத்தில் வேடியப்பனாக வணங்கப்படும் நடுகற்கள் பலவற்றில் எனாமல் பூசியிருக்கிறார்கள். அதையும் உரிக்கலாமா என்று சிலர் ஆர்வமாகக் கேட்பதுண்டு. கல் தனி உலகம், இந்தக் கட்டுரையின் ரசாயனம் அங்கே செல்லாது. பூசை நடக்கும் கல் ஊராருடையது, பூச்சும் அவர்களுடையது.

கழிவைப் பற்றியும் சொல்லவேண்டும். பழைய மஞ்சளிலும் சிவப்பிலும் ஈயக் குரோமேட் இருக்கும். வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம்மைத் தாண்டக்கூடாது என்ற விதி 2016இல் அறிவிக்கப்பட்டு, 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பூச்சு எதையும் ஈயம் உள்ளதாகவே கருதி, ஈரத்திலேயே தேய்க்கவேண்டும். உலர்ந்த உப்புத்தாள் கூடாது, குழந்தைகள் பக்கத்தில் இருக்கக்கூடாது. அழுக்குத் திரவத்தைச் சாக்கடையில் ஊற்றுபவர் கெலவரப்பள்ளி அணையில் பொங்கும் நுரைக்குப் பெங்களூரை மட்டும் திட்டமுடியாது. அதை மூடியிட்ட கண்ணாடிப் புட்டியில் விட்டுவைத்தால் கசடு அடியில் இறங்கும். மேலே தெளிந்த டெட்டாலை வடித்து அடுத்த உருவத்துக்கு எடுத்துக்கொள்ளலாம். பெயிண்ட் ஷாப்புகள் தங்கள் கசடை அபாயக் கழிவாகக் கணக்கு வைத்து அனுப்புகின்றன. தெரிந்த பட்டறை இருந்தால் நம் புட்டிக் கசடையும் அந்த டிரம்மில் சேர்க்கமுடியுமா என்று கேட்கலாம்.