குரோம்பேட்டை அட்வான்ஸும் தெஹிவளை முற்பணமும்

சென்னை கடற்கரை – தாம்பரம் ரயில் பாதையில் குரோம்பேட்டை. கொழும்பு கோட்டையிலிருந்து கடலோரமாகத் தெற்கே போகும் பாதையில் தெஹிவளை. இரண்டு ஊரிலும் பிரதான சாலையை விட்டு உள்ளே நாலு தெரு நடந்தால் இரைச்சல் அடங்கிவிடும். வேலை நகரத்தில், குடும்பம் அமைதியான இடத்தில் இருக்கட்டும் என்று நினைப்பவர்கள் வீடு தேடி இங்கேதான் வருகிறார்கள். குடியேறுமுன் கேட்கப்படும் தொகை இரு இடத்திலும் பெரியது. ஆனால் அது போய்ச் சேரும் வழி வேறு.

சென்னையில் பத்து மாத வாடகையை அட்வான்ஸாகக் கேட்பது நெடுநாள் வழக்கம். வாடகை 15,000 ரூபாய் என்றால் ஒன்றரை லட்சம். அதற்கு வட்டி கிடையாது. மாத வாடகை தனி. காலி செய்யும்போது அட்வான்ஸ் முழுசாகத் திரும்ப வேண்டும். தகராறு தொடங்குவதே அங்கேதான். வீட்டுக்காரர் சுவரில் ஆணி அடித்த துளைகளைக் காட்டுவார், சமையலறை ஜன்னலில் படிந்த எண்ணெய்ப் பிசுக்கைக் காட்டுவார், பெயின்ட் செலவு என்று ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொள்வார். ஐந்து வருடம் ஆள் புழங்கிய வீட்டுக்கு எப்படியும் வெள்ளையடிக்கத்தானே வேண்டும்? இருந்தும் குடித்தனக்காரர் வாய் திறப்பதில்லை. இந்தப் பணம் கைக்கு வந்தால்தான் அடுத்த வீட்டு அட்வான்ஸைக் கட்ட முடியும்.

தெஹிவளையில் தொடர்மாடி வீடானாலும், வீட்டுக்காரரின் வளவுக்குள்ளேயே தனி வாசல் வைத்துக் கட்டிய அனெக்ஸ் ஆனாலும், ஆறு மாத அல்லது ஒரு வருட வாடகையை மொத்தமாக முற்பணமாகக் கேட்பது சாதாரணம். அது வாடகையில் கழிந்துவிடும். திரும்ப வாங்கும் தலைவலி குறைவு. ஆனால் வருடம் முடிய மறுபடியும் ஒரு பெருந்தொகை வேண்டும். வெளிநாட்டிலிருந்து பிள்ளைகள் காசு அனுப்பும் குடும்பம் சமாளித்துவிடும். மாதச் சம்பளத்தை நம்பியிருப்பவர் கடன்தான் பட வேண்டும்.

எழுத்து விஷயத்தில் இலங்கையின் பழைய சட்டம் கறாரானது. 1840ஆம் ஆண்டின் மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டப்படி, ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகையை நொத்தாரிசு (நோட்டரி) முன்னிலையில், இரண்டு சாட்சிகளோடு எழுத வேண்டும். இந்தியாவின் 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டம் ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைத்தான் கட்டாயம் பதியச் சொன்னது. பதினொரு மாத அக்ரிமென்ட் பிறந்தது அதனால்தான். தமிழ்நாட்டின் 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் 2019இல் நடைமுறைக்கு வந்தபின், வாடகை ஒப்பந்தங்களை எழுதி, வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும். அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் போகக் கூடாது என்றும் அது சொல்கிறது. ஆனால் இருவரும் வேறுவிதமாக ஒப்புக்கொண்டால் போகலாமாம். வீடு தேடி அலைபவர் எதைத்தான் ஒப்புக்கொள்ள மாட்டார்? அந்த ஒரு விலக்கு சட்டத்தின் பலனையே கெடுத்துவிட்டது.

பணத்தைவிட எனக்கு உறுத்துவது வாசலில் கேட்கும் கேள்விகள். சென்னையில் “சைவமா, அசைவமா?” என்று கேட்பார்கள். பல இடங்களில் அது சாதியை அறியும் வழி. முஸ்லிம் என்றாலோ, கல்யாணமாகாதவர் என்றாலோ வீடு திடீரென்று “பேசி முடிஞ்சிடுச்சு” ஆகிவிடும். கொழும்பில் போர்க்காலத்தில் தமிழருக்குக் கேள்வி வேறு: “பொலிஸ் பதிவு இருக்கா?” 2007 ஜூனில் கொழும்பு லொட்ஜுகளில் தங்கியிருந்த தமிழரை பஸ்களில் ஏற்றி வவுனியாவுக்கு அனுப்பினார்கள், மறுநாளே இலங்கையின் உச்ச நீதிமன்றம் அதைத் தடுத்தது. சென்னையும் சளைத்ததல்ல. 1991இல் ராஜீவ் காந்தி கொல்லப்பட்ட பிறகு ஈழத்தமிழர் என்றால் வீடு தரத் தயங்கியவர்கள் இங்கே நிறைய. 2012இல் வங்கிக் கொள்ளையர் என்று சந்தேகிக்கப்பட்ட வடமாநிலத்தவரை வேளச்சேரி வாடகை வீட்டில் போலீஸ் சுட்டுக்கொன்ற என்கவுன்ட்டருக்குப் பின் குடித்தனக்காரர் விவரங்களை காவல் நிலையத்தில் கொடுக்கச் சொன்னபோது, அந்தச் சந்தேகம் வடமாநிலத்தவர் பக்கம் திரும்பியது.

மாதாமாதம் வாடகை வாங்கும் சென்னை முறையே சம்பளக்காரருக்கு நல்லது. சாட்சிகளோடு எழுதிக்கொள்ளும் முறையில் கொழும்பே மேல். வீடு வாடகைக்கு விடும் வாசகர்களிடம் ஒன்று கேட்கிறேன்: மூன்று மாத அட்வான்ஸோடு நிறுத்துங்கள், பெயின்ட் செலவு யாருடையது என்பதை முதல் நாளே எழுதிவிடுங்கள், வருபவர் வாடகை கட்டக்கூடியவரா என்பதற்கு மேல் வேறெதையும் கேட்காதீர்கள்.