உடுப்புக்கு யார் ஆசிரியர்? எண்ணிம நூலகங்களில் விடுபடும் நமது ஆடை மரபு

சில ஆண்டுகளுக்கு ஒருமுறை நமது உடுப்பு இந்நாட்டில் விவாதப் பொருளாகிவிடுகிறது. 2018இல் திருகோணமலையில் ஒரு பாடசாலையின் முஸ்லிம் ஆசிரியைகள் அணிந்த அபாயா பிரச்சினையானது. 2019 ஏப்ரலில் அவசரகாலச் சட்டத்தின் கீழ் முகத்தை மூடுவது தடை செய்யப்பட்டது. "உங்கட மூத்தம்மாமார் சாரிதானே உடுத்தாங்க, இது எப்ப வந்தது?" என்று அப்போதெல்லாம் ஒரு சாரார் கேட்டார்கள். "முக்காடு எங்களுக்குப் புதிசில்ல" என்று நம்மவர்கள் பதில் சொன்னார்கள். கேட்டவரிடமும் ஆதாரம் இல்லை, பதில் சொன்னவரிடமும் இல்லை. இரு தரப்பும் ஞாபகத்தை வைத்தே வாதிட்டன.

அந்த ஆதாரம் எங்கே இருக்கிறது என்ற கேள்வியோடுதான் நமது எண்ணிம நூலகங்களை நான் தேடிப் பார்த்தேன். முதலில் நன்றியைச் சொல்லிவிட வேண்டும். 2005இல் தொடங்கிய 'நூலகம்' திட்டம் இல்லையென்றால், நமது பழைய சஞ்சிகைகளும் விழா மலர்களும் நூல்களும் பல வீடுகளில் கறையானுக்குத்தான் போயிருக்கும். இன்று அவற்றை அக்கரைப்பற்றிலிருந்தும் படிக்கலாம், அவுஸ்திரேலியாவிலிருந்தும் படிக்கலாம். ஆனால் அங்கே நுழையும் வாசல்கள் தலைப்பு, ஆசிரியர், ஆண்டு, உள்ளடக்கப் பட்டியல் ஆகியவைதான். ஒரு மலரின் நாற்பதாம் பக்கத்தில் பழைய கலியாணப் படம் ஒன்று இருந்தால், அதில் மணப்பெண் உடுத்திருப்பதைத் தேடிப் போக அங்கு வழியில்லை. புத்தகம் தப்பிவிட்டது, அதற்குள் இருக்கும் உடுப்பு இன்னும் மறைந்துதான் கிடக்கிறது.

நமது உடுப்புகளில் நல்ல ஆவணம் உள்ளது ஒன்றுக்குத்தான்: துருக்கித் தொப்பி. எகிப்தின் ஒறாபி பாஷா 1883இலிருந்து 1901வரை இங்கு நாடுகடத்தப்பட்டு வாழ்ந்த காலத்தில் அதற்கு மவுசு கூடியது. 1905இல் சட்டத்தரணி எம். சீ. அப்துல் காதர் உயர் நீதிமன்றத்தில் அதை அணிந்து வாதாட எழுந்தபோது பிரதம நீதியரசர் லேயாட் ஆட்சேபித்தார். சமூகம் திரண்டது, கூட்டங்கள் நடந்தன, மனுக்கள் போயின. அதனால்தான் தொப்பியின் வரலாறு நமக்குத் தெரியும். ஆணின் தலையில் இருந்தது, நீதிமன்றத்துக்குப் போனது, பத்திரிகையில் வந்தது. அதே ஆண்டில் அதே சட்டத்தரணிகளின் வீட்டுப் பெண்கள் என்ன உடுத்தார்கள் என்பதற்கு வழக்கும் இல்லை, மனுவும் இல்லை. சாரி நம் பெண்களிடம் எந்த ஊரில் எப்போது வழக்கமானது, அதற்கு முன் என்ன உடுத்தார்கள் என்று கேட்டால் வாய்மொழிதான் மிச்சம்.

இந்த ஓரவஞ்சனையை எண்ணிம நூலகம் தன்னை அறியாமலே தொடர்கிறது. உலகெங்கும் நூலகங்கள் பயன்படுத்தும் டப்ளின் கோர் என்ற விவரணை முறையில் 15 கூறுகள் உண்டு. அவற்றில் ஒன்று ஆக்கியவர். புத்தகத்துக்கு அதை நிரப்புவது லேசு. மருதமுனைக் கைத்தறிச் சாரி ஒன்றுக்கு யாரை எழுதுவது? நெய்தவரையா, நூலுக்குச் சாயம் போட்டவரையா, நாற்பது வருஷம் அதை உடுத்து முக்காடு போட்ட விதத்தால் அதற்கு ஓர் உருவம் கொடுத்த பெண்ணையா? குடும்பப் படங்களுக்கும் இதே கதிதான். "இன்ன ஹாஜியாரும் குடும்பத்தினரும்" என்று குறிப்பு எழுதினால் ஹாஜியாருக்குப் பெயர் உண்டு, பக்கத்தில் நிற்கும் பெண்ணுக்குப் பெயர் இல்லை, அவர் உடுத்த சேலைக்கும் பெயர் இல்லை.

சொற்கள் போனால் பொருளும் போகும். 'கம்பாயம்' என்றால் இன்றைய பிள்ளைகள் விழிப்பார்கள். சிங்களத்தில் அது 'கம்பாய' என்று இன்னும் புழங்குகிறது. 'பளயகாட்' சாரம் என்ற பெயருக்குள் சோழமண்டலக் கரையின் பழவேற்காடு இருக்கிறது. நமது கடல் வியாபாரத்தின் வரலாற்றுத் துண்டு ஒன்று அந்தச் சாரத்தின் மடிப்பில் கிடக்கிறது. 'ஆண்கள் உடை' என்று மட்டும் பதிந்தால் அந்தத் துண்டு உதிர்ந்துவிடும்.

காலமும் நமக்காகக் காத்திருக்கவில்லை. 1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது, "உடுத்த உடுப்போட வந்தம்" என்றுதான் புத்தளத்தில் இன்றும் சொல்கிறார்கள். பெட்டகத்தில் இருந்த கலியாணச் சாரியும் சுவரில் தொங்கிய படமும் யாழ்ப்பாணத்திலும் மன்னாரிலும் நின்றுவிட்டன. 2004 டிசம்பர் 26இல் மருதமுனை, சாய்ந்தமருதுக் கரைகளில் கடல் வந்து அலுமாரிகளோடு அள்ளிக்கொண்டு போனது. மிச்சம் இருப்பது வயதானவர்களிடம் மட்டுமே.

அவர்களிடம் போனால் இன்னொரு சிக்கல். "படத்த எடுத்து இன்டநெட்ல போட்டா ஊரெல்லாம் பாக்குமே மகன், மௌத்தாப் போன மனிசி" என்று ஒரு மூதாட்டி என்னிடம் கேட்டார். இதைப் பிற்போக்கு என்று தள்ளுவது ஆவணப்படுத்துவோரின் ஆணவம். பர்தாவோடு வாழ்ந்த ஒருவரின் முகத்தை உலகத்துக்குத் திறந்து வைக்க நமக்கு என்ன உரிமை? எல்லாவற்றையும் எல்லாருக்கும் திறந்து விடுவதுதான் எண்ணிம நூலகத்தின் அறம் என்ற நினைப்பை இங்கே கொஞ்சம் நிறுத்தி யோசிக்க வேண்டும்.

வழி இல்லாமல் இல்லை. முகத்தை விட்டுவிட்டு உடுப்பை மட்டும் விரித்து, அளவுகோல் வைத்துப் படமெடுக்கலாம். குடும்பம் சம்மதித்தால் மட்டும் முழுப் படம். இல்லையென்றால் ஆய்வாளருக்கு மட்டும் அனுமதி. எந்த ஊர், யார் நெய்தது, எங்கே வாங்கியது, எந்த நாளைக்கு உடுத்தது, ஊரார் அதை என்ன சொல்லி அழைத்தார்கள் என்ற ஐந்து கேள்விக்கு அந்த உம்மாவின் குரலிலேயே பதிலைப் பதியலாம். கொசுவம் எந்தப் பக்கம், முந்தானை எந்தத் தோளால் வந்து தலையை மூடுகிறது என்பதை மடித்து வைத்த சீலை சொல்லாது. உடுத்திக் காட்டும் கை ஒன்று வேண்டும். அதை இளம் பெண்கள் வீடு வீடாகப் போய் வீடியோவில் பதிவதே நல்லது. ஓர் ஆண் ஆய்வாளருக்கு அந்த அறைக்கதவு திறக்காது, திறக்க வேண்டியதும் இல்லை.

நான் சொல்வது அபாயாவுக்கு எதிரான வாதமும் இல்லை, சாரிக்கான வக்காலத்தும் இல்லை. நம் பிள்ளைகள் எதை உடுத்தாலும் அது அவர்கள் தெரிவு. இன்று உடுக்கும் அபாயாவையும் ஐம்பது வருஷம் கழித்து ஒருவர் தேடுவார். அதையும் இன்றே பதிய வேண்டும். அடுத்த முறை ஒருவர் நம் உடுப்பைப் பற்றிக் கேள்வி கேட்கும்போது, கோபத்தோடு அல்ல, ஆதாரத்தோடு பதில் சொல்லும் சமூகமாக நாம் இருக்க வேண்டும். அந்த ஆதாரம் இப்போது நம் உம்மம்மாமாரின் அலுமாரியில், கற்பூர உருண்டை வாசத்தோடு இருக்கிறது.