பாழ்மனையும் நிழற்படமும்

பாழடைந்த கட்டடங்களைத் தேடிச் சென்று நிழற்படம் எடுத்தல் இக்காலத்தில் ஒரு தனிக்கலையாக வளர்ந்துள்ளது. கூரை சரிந்த மண்டபமும், வேர் படர்ந்த சுவரும், கதவிழந்த வாயிலும் காண்போர் உள்ளத்தில் இரக்கத்தையும் வியப்பையும் ஒருங்கே எழுப்புவன. ஆயினும், இப்படங்களை மதிப்பிடப் புகுவோர் அவற்றின் அழகோடு அமைந்துவிடுதல் சாலாது. அக்கட்டடத்தை விட்டகன்றவர் யாவர், விரும்பி அகன்றனரா, அகற்றப்பட்டனரா என்னும் வினாக்களுக்குப் படம் இடந்தருகின்றதா என்பதே முதற்கண் ஆராயத்தக்கது.

தமிழகத்துக்கு இக்கலை புதியதன்று. சென்னை அரசாங்கத்தின் நிழற்படக்காரராக விளங்கிய கப்டன் லின்னேயஸ் டிரைப் என்பார், 1858ஆம் ஆண்டில் மதுரைத் திருமலை நாயக்கர் அரண்மனையைச் சிதைந்த நிலையிற் படம் பிடித்தார். ஓங்கிய தூண்களையும் வளைவுகளையும் அப்படங்களிற் காண்பவர், காலத்தின் கொடுமை இதுவென்று இரங்குவர். வரலாறோ வேறு கூறும். திருமலை நாயக்கர் 1659இல் மறைந்தபின், அவர்தம் பேரராகிய சொக்கநாத நாயக்கர் தலைநகரைத் திருச்சிராப்பள்ளிக்கு மாற்றியபொழுது, அரண்மனையின் பெரும்பகுதியை இடிப்பித்து, வேலைப்பாடமைந்த உறுப்புகளைக் கொண்டு சென்றார் என்பர். எனவே, காலத்தின்மேல் நாம் சுமத்தும் பழியிற் பெரும்பங்கு அரசர்க்கு உரியது. டிரைப்பின் மதுரைப் படங்கள் விளக்கக் குறிப்புகளோடு வெளியிடப்பட்டமை ஈண்டுக் கருதத்தக்கது. படமும் சொல்லும் ஒன்றற்கொன்று துணையாதல் வேண்டும் என்பதை அக்காலத்தாரே உணர்ந்திருந்தனர்.

இனி, இயற்கையே அழித்த இடமொன்றை நோக்குவோம். 1964ஆம் ஆண்டு திசெம்பர் 22ஆம் நாள் இரவு வீசிய புயல் தனுஷ்கோடியைச் சிதைத்தது. அங்கே மணலிடை நிற்கும் தேவாலயச் சுவரைப் படம் பிடிக்காதார் அரியர். ஆனால், 1914 முதல் புகைவண்டியும் கப்பலும் இணைந்து இந்தியாவையும் இலங்கையையும் தொடுத்த வழியில், தலைமன்னாருக்குச் செல்வோர் கப்பலேறிய துறை அது என்பதைச் சுவர் தானாக உரைக்காது. ஆளில்லா ஊர் என்று அதனைக் காட்டும் படங்கள், புயலின் பின்னரும் அக்கரையில் மீன்பிடித்து வாழ்ந்துவரும் குடும்பங்களைச் சட்டத்திற்கு வெளியே நிறுத்திவிடுகின்றன. இது கலையின் குறையன்று. கலைஞன் தெரிந்தெடுத்த கோணத்தின் குறையாகும்.

நம் கரைக்கு வருவோம். 2004ஆம் ஆண்டு திசெம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை காரைதீவு, சாய்ந்தமருது, கல்முனை, மருதமுனை முதலிய ஊர்களின் கடலோரத்தைத் தாக்கியது. அடித்தளம் மட்டும் எஞ்சிய வீடுகளை உலகெங்கும் இருந்து வந்தோர் படமெடுத்தனர். அவ்வீடுகள் உடன் எழும்பாமைக்குக் கடல் மட்டும் காரணமன்று. கிழக்கிற் கரையிலிருந்து 200 மீற்றர் வரை மீளக் கட்டுதல் முதலில் தடுக்கப்பட்டது. அவ்வெல்லை பின்னரே தளர்த்தப்பட்டது. தன் மண்ணில் வீடெழுப்பத் தடைபட்டு நின்றவனைக் கைவிட்டவன் என்றல் முறையாகுமா?

இதனினும் சிந்திக்கத்தக்கது அக்கரைப்பற்றை அடுத்த நுரைச்சோலை வீட்டுத்திட்டம். ஆழிப்பேரலையால் வீடிழந்தோர்க்கெனச் சவூதி அரேபிய உதவியால் அங்கே 500 வீடுகள் கட்டப்பட்டன. அவற்றை எவ்வினத்தார்க்கு எவ்வாறு பகிர்வது என்னும் பிணக்கு நீதிமன்றம் வரை சென்றது. வீடுகள் குடிபுகுவாரின்றிப் பல்லாண்டுகள் காடு மண்டிக் கிடந்தன. அவற்றின் படங்களைக் காணும் அயலார், மக்கள் வாழ்ந்து நீங்கிய ஊரென்றே எண்ணுவர். அங்கே அடுப்பு எரிந்ததுமில்லை, அணைந்ததுமில்லை. பாழ் என்னும் ஒரே தோற்றம் முற்றும் மாறான இரு வரலாறுகளை மறைக்க வல்லது என்பதற்கு இதனினும் சான்று வேண்டா.

ஆகவே, இத்தகைய படத்துக்கு ஊரும் ஆண்டும், வாழ்ந்தவர் அல்லது வாழவேண்டியிருந்தவர் யார் என்பதும், வெறுமைக்குரிய காரணமும் உடன் எழுதப்படல் வேண்டும். அவையின்றேல் ஒருவர் துயரம் மற்றொருவர்க்குக் காட்சிப்பொருளாய் முடியும். காரைதீவு ஈன்ற விபுலாநந்த அடிகள், வழக்கொழிந்த யாழை இலக்கியச் சான்றும் இசைக் கணக்கும் கொண்டு ஆராய்ந்து 1947இல் யாழ் நூலாகத் தந்தார். அழிந்ததைக் கண்டு இரங்குதல் எளிது. அதன் வரலாற்றைத் தேடி நிறுவுதலே அரிது. நிழற்படக் கருவியைக் கையிலேந்தும் இளைஞர் அவ்வரிய பணியையும் மேற்கொள்வாராக.