வேற்றுருவில் ஒரு மாணவி

தலைநகரில் வளரும் நம் தமிழ்ப் பிள்ளைகள் மாயக் கதைகளை ஆங்கிலத்திலேயே படித்து வளர்கின்றனர். 1997இல் தொடங்கிய ஹாரி பாட்டர் வரிசையில் மந்திரம் பயில ஒரு பள்ளி உண்டு. வகுப்பும் ஆசிரியரும் தேர்வும் உண்டு. 'தமிழில் இப்படி ஒரு கதை இல்லையா?' என்று அவர்கள் கேட்கும்பொழுது, விக்கிரமாதித்தன் கதையைச் சொல்லி நாம் தப்பித்துக்கொள்கிறோம். மணிமேகலையைச் சொல்லியிருக்க வேண்டும்.

1898இல் உ.வே.சாமிநாதையர் அச்சேற்றிய நாள்முதல் மணிமேகலை பௌத்த காப்பியமாகவே நம்மிடையே பேசப்பட்டு வந்துள்ளது. அது பொருந்தும். ஆயினும், மந்திரம் கைவரப்பெற்ற ஓர் இளம்பெண் தனக்கேற்ற ஆசானைத் தேடி அலையும் கதை என்று அதனைப் படித்தால், காப்பியத்தின் பல முடிச்சுகள் தாமே அவிழ்கின்றன.

மணிபல்லவத்தில் அவளுக்கு மந்திரம் வந்துசேர்வதற்கு எவ்வளவு காலமாயிற்று? ஒரு கணம் என்றே சொல்லலாம். பயிற்சி இல்லை, நோன்பு இல்லை, தேர்வும் இல்லை. வேற்றுரு எடுக்கவும் வானில் திரியவும் வல்ல இரு மந்திரங்களை மணிமேகலா தெய்வம் அருளிவிட்டு மேலெழுகிறது. பிறகு, மறந்தது ஒன்றுண்டு என்று மீண்டும் இறங்கி வந்து, பசியை அறுக்கும் மந்திரத்தைச் சொல்லிச் செல்கிறது. மானிட உடல் உணவால் ஆனது என்பது தெய்வத்துக்குச் சற்றுத் தாமதமாகத்தான் நினைவுக்கு வருகிறது! சாத்தனார் இவ்விடத்தில் புன்னகை புரிந்தே பாடியிருப்பார் என்று எனக்குத் தோன்றும்.

மந்திரம் கொடையாக வருவது நம் நாட்டுக் கதைமரபில் புதிதன்று. இதே தில்லியில் ஜும்மா மசூதிப் படிகளில் கூறப்பட்டதும், 1928இல் மறைந்த மீர் பாக்கர் அலியின் நாவில் நின்று நிலவியதுமான அமீர் ஹம்சா கதைகளிலும், அமர் அய்யாரின் அற்புதப் பை அருளால் பெற்றதே. சிந்தாமணியில் சீவகனுக்குச் சுதஞ்சணன் தருகின்ற மூன்று மந்திரங்களும் நன்றிக்கடனாக வந்தவை. வியப்புக்குரியது இதுவன்று. அந்த மந்திரம் எதற்காகக் கொடுக்கப்பட்டது என்பதே நாம் நின்று நோக்க வேண்டிய இடம்.

நீ இளையவள், வளையணிந்தவள். ஆகையால் சமயவாதியர் எவரும் தம் முடிந்த பொருளை உனக்கு உரைக்கமாட்டார் என்று தெய்வமே காரணம் கூறுகிறது. அதற்காகவே வேற்றுரு மந்திரம். மந்திரம் கற்க ஆசானைத் தேடுவது பிறர் கதை. ஆசானிடம் கற்பதற்கு மந்திரம் வேண்டியிருந்தது மணிமேகலையின் கதை. சீவகனோடு ஒப்பிட்டால் வேறுபாடு பளிச்சிடும். அச்சணந்தியிடம் கலைகள் யாவும் முன்பே கற்றுத் தேர்ந்தவன் அவன். அவனை எந்த ஆசானும் வாயிலில் நிறுத்தவில்லை. ஆகவே வேண்டிய உரு எடுக்கும் மந்திரத்தைக் கொண்டு முதிய அந்தணனாகி, ஆடவரை நோக்கேன் என்றிருந்த சுரமஞ்சரியின் மனையுள் புகுகிறான். இருவரும் வாயில் கடக்கவே உருமாறினர். அவன் கடந்தது காதலியின் வாயில். அவள் கடந்தது கல்வியின் வாயில்.

கற்குமுன் கைவந்த ஆற்றல் தீங்கும் செய்தது. உதயகுமரனிடமிருந்து தப்பக் காயசண்டிகையின் உருவை அவள் மேற்கொள்ள, உண்மைக் காயசண்டிகையின் கணவனாகிய காஞ்சனன் ஐயுற்று அரசிளங்குமரனை வாளால் வீழ்த்துகிறான். மந்திரத்தில் பிழையில்லை, உரு அச்சொட்டாக அமைந்ததே கேடாயிற்று. அவள் அரற்றும் பகுதி, காப்பியத்தின் உண்மையான சோக நாடகம்.

வஞ்சி நகரில்தான் அந்த மந்திரம் தனக்குரிய பணியைச் செய்கிறது. மாதவன் வடிவில் சென்று, அளவைவாதி முதல் பூதவாதி ஈறாக ஒவ்வொருவர் கொள்கையையும் அவள் கேட்கிறாள். காண்பது ஒன்றே அளவை என்று சாதிக்கும் பூதவாதியிடம், உன் தாய் தந்தையரை அனுமானத்தால் அன்றி வேறு எவ்வாறு அறிந்தாய் என்று வினவுகிறாள். அவ்வவையில் கேட்கப்பட்ட மிகக் கூரிய வினா, வளையணிந்தவள் என்று ஒதுக்கப்படவிருந்தவளின் வினாவாகும்.

பின்னர்க் காஞ்சியில் அறவண அடிகளிடம் அவள் உரைப்பது இதன் மறுபாதி. தான் கொண்ட அவ்வேற்றுருவைப் போலவே அச்சமயங்களையும் உள்ளத்தில் கொள்ளாது விட்டதாகக் கூறுகிறாள். ஒப்பனையோடு கேட்ட கல்வி ஒப்பனையோடே கழன்றது. அடிகளோ, அவள் மந்திரம் பெற்றுப் புகாருக்கு மீண்டபோதே அவளை அவளாகவே கண்டு அறம் உரைத்தவர். பூம்புகாரில் தொடங்கிய பாடத்தைக் கச்சியில் முடிக்கிறார்.

அமெரிக்க எழுத்தாளர் உர்சுலா லெ குவின் தாம் படைத்த 'எர்த்சீ' என்னும் தீவுலகின் ரோக் தீவில், 1968இல், ஒரு மந்திரப் பள்ளியை வைத்தார். ஆடவர்க்கே உரிய பள்ளி அது. முப்பதாண்டுகள் கழித்து, 1998இல், 'டிராகன்ஃபிளை' என்னும் கதையில், ஆணுருவில் அங்கே நுழையும் திட்டத்தோடு ஒரு பெண்ணை வாயிலுக்கு அனுப்பினார். தம் உலகின் குறையைத் தாமே கண்டு திருத்த முற்பட்டவர் அவர். சாத்தனாரோ முதற்கட்டத்திலேயே அக்குறையைத் தெய்வத்தின் வாயால் சொல்லிவிட்டார்.

ஆனால் சொன்னதோடு நின்றுவிட்டார் என்பதே என் குறை. இருபத்தொன்பதாம் காதையின் பெரும்பகுதி அளவை நூலாகிவிடுகிறது. பூதவாதியை மடக்கிய அந்தப் பெண் அங்கே கேட்பவளாக மட்டுமே அமர்ந்திருக்கிறாள். ஒரு வினாகூட இல்லை. வஞ்சியின் சமயக் கணக்கர்களையும் கவிஞர் எளிதில் விட்டுவிட்டார். தம்முன் வந்தமர்ந்து கேட்டுச் சென்ற மாதவன் யார் என்பது, காப்பியம் முடியும்வரை அவர்களுக்குத் தெரிவதேயில்லை.