கைவைத்தலின் அரசியல்

ஏழையின் சாமர்த்தியத்தைப் புகழ்வது, அவனுடைய உரிமையைப் பற்றிப் பேசாமலிருக்க நல்ல வழி. 2012இல் நவி ராட்ஜூ, ஜெய்தீப் பிரபு, சிமோன் அஹுஜா எழுதிய ‘ஜுகாட் இன்னொவேஷன்’ நூலும் அதையொட்டிப் பெருகிய மேலாண்மைச் சொல்லாடலும் இதைத்தான் செய்தன. இல்லாமையில் பிறந்த ஒட்டுவேலை கம்பெனிகளுக்குப் பாடமாயிற்று. ஏன் இல்லாமை என்ற கேள்வி மட்டும் காணாமல் போயிற்று.

காஞ்சிபுரத்தில், உள்ளே குழித்தறியும் நடையில் ஸ்கூட்டருமாக இருந்த நெசவாளர் வீடுகளிலிருந்து இதை யோசிக்கலாம். பஜாஜ் சேதக் 1972இல் வந்தது. பணம் கட்டிவிட்டு வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டிய லைசென்ஸ் காலம் அது. அப்படியோ நாலு கை மாறியோ வந்த வண்டி நின்றுபோனால் கூட்டுறவுச் சங்கத்துக்குச் சேலை போகாது, சங்கத்திலிருந்து பட்டும் ஜரிகையும் வராது. எனவே எஞ்சினைத் திறந்தார்கள்.

பெட்ரோலோடு ஆயிலும் எரிகிற டூ-ஸ்ட்ரோக் எஞ்சினில் பிளக் கரிபிடிக்கும். கழற்றி, எமரித்தாளால் தேய்த்து, ஹாக்ஸா பிளேடால் இடைவெளி பார்த்து மாட்டுவார்கள். பிளேடின் கனமும் வேண்டிய இடைவெளியும் ஏறக்குறைய 0.6 மில்லிமீட்டர். கார்புரேட்டர் கேஸ்கட் கிழிந்தால் கல்யாணப் பத்திரிகை அட்டை. ஜெட் அடைத்துக்கொண்டால் ஒயரிலிருந்து உருவிய ஒற்றைச் செப்பு இழை. “ஊக்க வுட்டுக் குத்தாதப்பா, ஓட்ட பெருசாயிடும், பெட்ரோல குடிக்கும்” என்ற பேச்சுக்குள் ஓர் அறிவு இருக்கிறது: ஜெட் பித்தளை, எஃகு அதை அரித்துவிடும், எஞ்சினுக்குப் போகும் பெட்ரோலின் அளவை அந்தத் துளைதான் தீர்மானிக்கிறது.

கைக்குக் கிடைத்ததைக் கொண்டு செய்பவனையும் பொறியாளனையும் லெவி-ஸ்ட்ராஸ் 1962இல் எதிரெதிராக நிறுத்தினார். எல்லாவற்றையும் தானே படைக்கும் பொறியாளன் ஒரு தொன்மமே என்று 1966இல் தெரிதா அந்த எதிர்வைக் கட்டுடைத்தார். தத்துவத்தில் கலைந்த எதிர்வு சம்பளத்தில் கலையவில்லை. பட்டம் பெற்றவன் செய்தால் பொறியியல், மற்றவன் செய்தால் ‘ஜுகாட்’.

இதை வீரகாவியமாக்கவும் வேண்டாம். அந்த எஞ்சின்கள் எரியாத பெட்ரோலையும் ஆயிலையும் தெருவில் கக்கின. சுவாசித்தவர்கள் அதே தெருக்காரர்கள்தான். வாசலில் எஞ்சினைப் பிரித்துப் போட்ட ஆண் ‘மெக்கானிக்’ ஆனான். கிரீஸ் துணி துவைத்தவளுக்கும் அவன் தறிக்குத் தார் சுற்றியவளுக்கும் ஒரு பெயரும் கிடைக்கவில்லை.

2020 ஏப்ரலில் பி.எஸ். 6 விதிகள் வந்தன. ஸ்கூட்டர்களில் கார்புரேட்டர் போய், மின்னணு முறையில் எரிபொருளைச் செலுத்தும் கருவி வந்தது. புகை குறைந்தது, அது மக்களுக்கு லாபம், மறுப்பதற்கில்லை. ஆனால் புகையை அடைக்கும்போது எஞ்சினைத் திறக்கும் வழியையும் சேர்த்து அடைப்பானேன்? கோளாறு என்னவென்று படிக்கவே இப்போது ஸ்கேனர் வேண்டும், மென்பொருள் வேண்டும். வல்லம் வடகாலில் யமஹா ஆலை 2015இல் திறக்கப்பட்டது. அதுவும் காஞ்சிபுரம் மாவட்டம்தான். ஸ்கூட்டர் செய்யும் மாவட்டத்திலேயே ஸ்கூட்டரைத் திறக்க முடியாதவர்களாக ஆக்கப்படுகிறோம்.

பழுதுபார்க்கும் உரிமை குறித்து மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022 ஜூலையில் குழு அமைத்தது. வாகனங்களும் அதன் வரம்பில் இருந்தன. அந்த டிசம்பரில் ஓர் இணையதளமும் வந்தது. தகவல் தருவது உரிமை தருவதாகாது. தறியில் இழை அறுந்தால் நெய்பவர் எவரையும் கேட்காமல் முடிச்சுப் போடுகிறார். வண்டிக்கும் அதுதான் நியாயம். உதிரிபாகம், சர்க்யூட் வரைபடம், கோளாறு காட்டும் மென்பொருள் மூன்றும் தமிழில், கட்டுப்படியாகும் விலையில், தெருமுனை மெக்கானிக்குக் கிடைக்க வேண்டும் என்று கேட்போம். சாமர்த்தியத்துக்கான பாராட்டை அவர்களே வைத்துக்கொள்ளட்டும்.