குடிவழி காண ஏடு போதுமா?

குடிவரலாறு எழுதப் புகுவார்க்கு நிலப்பதிவேடும் வழக்குமன்றக் குறிப்புமே முதற்சான்று என்பர். இதற்கு நியூசீலாந்தின் மாவோரி மக்களை எடுத்துக்காட்டுவர். அங்கு 1865-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் நடைபெற்ற நில நீதிமன்றத்தில், உரிமை கோரியோர் தம் முன்னோர் பெயர்களை முறைப்படி உரைத்தனர், எழுத்தர் குறித்துவைத்தனர். அக்குறிப்பேடுகள் பெருஞ்செல்வமே. எனினும் அவை வழக்கில் வெல்வதற்காகச் சொல்லப்பெற்றவை. எதிர்வழக்காடினார் கூற்றையும் உடன்வைத்து நோக்காதார் பிழைபடுவர்.

நம் மலாக்காவில் நிலைமை யாது? செட்டிச் சமூகத்தார்க்கு நிலச்சான்று உண்டு. டச்சுக்காரர் தெய்வநாயகம் செட்டிக்கு அளித்த நிலத்தில் 1781-இல் பொய்யாத விநாயகர் கோயில் எழுந்தது. குருபோங் போன்ற ஊர்களின் தோட்டப் பாட்டாளிக்கோ நிலமில்லை. ஆகவே நிலவழக்கும் இல்லை. அவன் பெயர் கிராணியின் செக்ரோலில் மட்டுமே ஏறிற்று. குடிப்பெயர் வழங்காத நம்மிடையே தந்தை பெயர் தலைமுறைதோறும் மாறும். எழுதுவோர்க்கேற்ப எழுத்தும் மாறும். பெயரை மட்டும் பற்றிச் செல்வார் வழி தவறுவர்.

வேறு வழி உண்டு. 1938-இல் தடைப்படும்வரை கங்காணிமார் பெரும்பாலும் தம் ஊராரையும் உறவினரையுமே அழைத்துவந்தனர். ஆதலின் கங்காணியின் ஊரையும், அயல்வீட்டார் ஊரையும், குலதெய்வத்தையும் வினவினால் தாயகச் சிற்றூர் புலப்படும். பிறப்புப் பத்திரமும் கோயிற் கணக்கும் அதனை உறுதிசெய்யும்.

ஏட்டில் இல்லாதார்க்குக் குடிவழியே இல்லை எனல், ஏடெழுதியவன் தீர்ப்பை நாமும் ஏற்பதாகும். தோட்டங்கள் துண்டாடப்பட்டும் வீடமைப்புக்கு விற்கப்பட்டும் மக்கள் சிதறிவிட்டனர். எஞ்சிய சான்று முதியோர் நினைவே. அவர்கள் உள்ளபோதே கேட்டு எழுதுதல் நம் கடன்.