‘நாங்கள்’ செய்ததை ‘நான்’ என்று எழுதுவது: ஆர்.ஐ.சி.எஸ். தகுதி மதிப்பீடு பற்றிச் சில குறிப்புகள்

போன வருடக் கடைசியில் என் மச்சினன் துபாயிலிருந்து ஒரு வேர்ட் ஃபைல் அனுப்பினான். "மாமா, இங்கிலீஷ் மட்டும் ஒரு தடவை பாத்துக் கொடுங்க. சர்வேயர் பரீட்சைக்கு அப்ளிகேஷன்." ஃபைலைத் திறந்தேன். ஒரு கோணம் இல்லை, ஒரு வரைபடம் இல்லை. முழுக்க முழுக்க அவனைப் பற்றி அவனே எழுதிய கட்டுரை. இங்கிலீஷ் பார்க்கப் போன நான் அந்தத் தேர்வையே தோண்ட ஆரம்பித்து இரண்டு மாதம் ஓடிவிட்டது. அப்போது எடுத்த குறிப்புகளும், எனக்குத் தோன்றிய விமர்சனமும்தான் இந்தப் பதிவு.

முதலில் சொல்லைத் தெளிவுபடுத்திவிடலாம். நம் ஊரில் சர்வேயர் என்றால் நிலம் அளக்க வருபவர். சங்கிலி, தியோடலைட், எல்லைக் கல். இந்த நினைப்புக்கு வரலாறும் உண்டு. கிண்டி பொறியியல் கல்லூரியின் வேர், 1794-ல் புனித ஜார்ஜ் கோட்டைப் பக்கம் தொடங்கிய ஒரு சர்வே பள்ளி. பிரிட்டனில் இந்தச் சொல்லுக்கு அகலம் அதிகம். சொத்துக்கு மதிப்புப் போடுபவர், பழைய கட்டிடத்தில் என்ன கோளாறு என்று பார்த்துச் சொல்பவர், கட்டுமானச் செலவைக் கணக்கிட்டு பில்லைச் சரிபார்க்கும் குவான்டிட்டி சர்வேயர் எல்லாருமே சர்வேயர்தான். இவர்களுடைய சங்கம் 1868-ல் லண்டனில் தொடங்கி 1881-ல் அரச சாசனம் பெற்றது. இன்றைய பெயர் ராயல் இன்ஸ்டிட்யூஷன் ஆஃப் சார்ட்டர்ட் சர்வேயர்ஸ், சுருக்கமாக ஆர்.ஐ.சி.எஸ். பெயருக்குப் பின்னால் எம்.ஆர்.ஐ.சி.எஸ். என்று போட்டுக்கொள்ள வேண்டுமானால் அவர்கள் நடத்தும் ஏ.பி.சி. என்ற தொழில் திறன் மதிப்பீட்டில் தேற வேண்டும். வளைகுடாவில் குவான்டிட்டி சர்வேயர் வேலைக்கான விளம்பரங்களில் இந்தப் பட்டம் அடிக்கடி கண்ணில் படும். என் மச்சினன் அந்த வேலையில் பதினான்கு வருடமாக இருக்கிறான், பட்டம் மட்டும் இல்லை.

இந்த மதிப்பீட்டில் வினாத்தாள் கிடையாது. 2018-ல் வந்த வழிகாட்டியின்படி, விண்ணப்பதாரர் தன் அனுபவச் சுருக்கத்தை எழுத வேண்டும். எல்லாருக்கும் பொதுவான திறன்கள் பதினொன்று. அவற்றுக்கு மொத்தம் 1,500 வார்த்தை. கணக்குப் போட்டால் ஒரு திறனுக்கு சராசரியாக 136 வார்த்தைதான் வருகிறது. தொழில்நுட்பத் திறன்களுக்குத் தனி ஒதுக்கீடு உண்டு. அதற்குப் பிறகு, தான் வேலை பார்த்த ஒரு ப்ராஜெக்ட்டைப் பற்றி 3,000 வார்த்தையில் ஒரு கேஸ் ஸ்டடி. கடைசியில் 60 நிமிட நேர்காணல். முதல் பத்து நிமிடம் கேஸ் ஸ்டடியை விளக்க வேண்டும், மீதி நேரம் கேள்விகள். கேட்பவர்கள் அதே தொழிலில் இருக்கும் உறுப்பினர்கள்.

"என்னய்யா இது, தன்னைப் பத்தி எழுதிக் கொடுத்தா பட்டமா?" என்றுதான் முதலில் எனக்கும் தோன்றியது. யோசித்துப் பார்த்தால் வேறு வழி அவ்வளவு சுலபமில்லை. நிலம் அளப்பவருக்கு ஒரு வசதி இருக்கிறது. ஒரு புள்ளியில் புறப்பட்டு, நிலத்தைச் சுற்றி அளந்துகொண்டே வந்து, கடைசியில் அதே புள்ளியில் முடிக்க வேண்டும். கணக்கில் அந்தப் புள்ளி எவ்வளவு தள்ளி விழுகிறதோ அவ்வளவு பிழை. அளந்தவர் யாராக இருந்தாலும், எந்த மொழி பேசினாலும், அந்த எண் பொய் சொல்லாது. எங்கள் மென்பொருள் வேலையிலும் கொஞ்சம் அப்படித்தான், டெஸ்ட் ஓட்டினால் பாதி உண்மை வெளியே வந்துவிடும். ஆனால் "இந்தக் கட்டிடம் இவ்வளவு பெறும்", "இந்தக் கோரிக்கையை ஏத்துக்கலாம்" என்று சொல்பவருடைய வேலையில் சுற்றி வந்து சேரும் புள்ளி கிடையாது. அவருடைய தீர்மானம் சரியா என்று பார்க்க, அதற்கான காரணங்களை அவரிடமே கேட்க வேண்டியிருக்கிறது. அந்த வகையில் ஏ.பி.சி.யின் அடிப்படை யோசனை நியாயமானது.

அந்த யோசனை மூன்று லெவல்களாகப் பிரிகிறது. லெவல் 1, விஷயம் தெரிந்திருப்பது. லெவல் 2, அதைச் செய்து பார்த்திருப்பது. லெவல் 3, காரணத்தோடு ஆலோசனை சொல்வது. மச்சினனின் ஃபைலிலிருந்தே ஒரு உதாரணம் தருகிறேன். அவனுடைய ப்ராஜெக்ட் 1999-ல் வந்த ஃபிடிக் சிவப்புப் புத்தக ஒப்பந்தத்தில் ஓடியது. கூடுதல் நாளோ கூடுதல் பணமோ வேண்டும் என்றால், காரணம் தெரியவந்த 28 நாளுக்குள் ஒப்பந்ததாரர் நோட்டீஸ் கொடுக்க வேண்டும், தவறினால் உரிமை போயிற்று என்கிறது அதன் 20.1-ஆம் பிரிவு. இது தெரிந்தால் லெவல் 1. ஒரு ஒப்பந்ததாரரின் கடிதம் 41-ஆம் நாள் வந்தது. தேதிகளைச் சரிபார்த்து, தாமதத்தைக் கணக்கிட்டு அறிக்கை தயாரித்தால் லெவல் 2. ஆனால் 12-ஆம் நாள் நடந்த சைட் மீட்டிங்கின் மினிட்ஸில் அதே தாமதம் பதிவாகியிருந்தது. அதை நோட்டீஸாக எடுத்துக்கொள்ளலாமா? ஒப்பந்தத்தை நல்லெண்ணத்தோடு நிறைவேற்ற வேண்டும் என்று சொல்கிற அந்த நாட்டு சிவில் சட்டத்துக்கு முன்னால் ‘28 நாள் தாண்டிடுச்சு’ என்ற ஒரே வாதம் நிற்குமா? "காலக்கெடு வாதத்தை விட்டுடாதீங்க, ஆனா அதை மட்டும் நம்பி உக்காராதீங்க. கோரிக்கையில எவ்வளவு நியாயம்னும் தனியா மதிப்பிட்டு வச்சுக்குங்க" என்று முதலாளி தரப்புக்குச் சொன்னால், அது லெவல் 3.

இந்த யோசனை என் மச்சினனுடையது. ஃபைலில் அவன் எழுதியிருந்தது ஒரே வரி: ‘நாங்கள் கோரிக்கையைப் பரிசீலித்து வாடிக்கையாளருக்கு ஆலோசனை வழங்கினோம்.’

போனில் கேட்டேன். "யாருடா அந்த நாங்க?"

"ஆபீஸ்தான் மாமா. லெட்டர்ல மேனேஜர்தான் கையெழுத்துப் போட்டார்."

"மினிட்ஸ் விஷயத்தை யார் சொன்னது?"

"நான்தான் சொன்னேன். ஆனா நான் சொன்னேன்னு எழுதினா பெருமை அடிக்கிற மாதிரி இருக்காதா?"

என் விமர்சனம் தொடங்குவது இந்த இடத்தில்தான். ஏ.பி.சி. எழுதுகிறவர்களுக்கு அனுபவசாலிகள் சொல்லும் முதல் அறிவுரையே ‘நாங்கள்’ என்று எழுதாதே, ‘நான்’ என்று எழுது என்பதுதான். மதிப்பிடப்படுவது ஒரு தனி ஆள், அதனால் அறிவுரையில் தப்பில்லை. ஆனால் அந்த ‘நான்’ எல்லார் கைக்கும் ஒரே விலையில் கிடைப்பதில்லை. வீட்டிலும் பள்ளியிலும் ‘நான் நான்னு பேசாதே’ என்று கேட்டு வளர்ந்தவனுக்கு அது ஒரு புதுப் பாஷை. அதைவிடப் பெரிய விஷயம் கையெழுத்து. எந்த ஆபீஸில் இளையவர்களை வாடிக்கையாளர் முன்னால் பேச விடுகிறார்களோ, அங்கிருந்து வருபவருக்கு லெவல் 3 கதைகள் தானாகவே சேர்ந்துவிடும். எந்த ஆபீஸில் கணக்குப் போடுவது ஒரு ஆள், ஆலோசனை சொல்லும் முகம் இன்னொரு ஆள் என்று பிரித்து வைத்திருக்கிறார்களோ, அங்கே பதினான்கு வருடம் யோசித்தவன்கூட காகிதத்தில் லெவல் 2-ல்தான் நிற்பான். ஒருவருக்குத் திறமை இருக்கிறதா என்ற கேள்வியோடு, அவருக்கு வாய்ப்பு கிடைத்ததா என்ற கேள்வியையும் சேர்த்தேதான் இந்தத் தேர்வு கேட்கிறது. விடை வரும்போது இரண்டும் ஒரே மதிப்பெண்ணாக வந்துவிடுகிறது.

மருத்துவக் கல்வி இந்தச் சிக்கலை முன்பே சந்தித்திருக்கிறது. ஜார்ஜ் மில்லர் 1990-ல் எழுதிய ஒரு கட்டுரையில் திறமையை நான்கு படிகளாக அடுக்கினார். தெரியும், எப்படிச் செய்வது என்று தெரியும், செய்து காட்ட முடியும், நிஜ வேலையில் செய்கிறார். அந்த அடுக்கை ஏ.பி.சி.க்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அது மதிப்பிட விரும்புவது நான்காம் படியை. கையில் எடுப்பது அதைப் பற்றிய சொந்த விவரிப்பை. நேரில் பார்க்கக் கிடைப்பது பெரும்பாலும் இரண்டாம் படி. நடுவில் இருக்கும் ‘செய்து காட்டு’ என்ற படியை அது கிட்டத்தட்டத் தாண்டிப் போய்விடுகிறது.

டாக்டர்கள் அந்தப் படிக்கு என்ன செய்தார்கள்? 1975-லேயே ஸ்காட்லாந்தின் டன்டீயில் ரொனால்ட் ஹார்டனும் கூட இருந்தவர்களும் ஒரு தேர்வு முறையை வெளியிட்டார்கள். மாணவர்கள் வரிசையாகப் பல நிலையங்களுக்குப் போவார்கள். ஒவ்வொரு நிலையத்திலும் ஒரு சின்ன வேலை, எல்லாருக்கும் அதே வேலை, அதே நேரம். இங்கேயும் அதைச் செய்யலாமே. முன்பின் பார்க்காத ஒரு சின்ன கோப்பு: நான்கு கடிதம், ஒரு மினிட்ஸ், ஒப்பந்தத்தின் இரண்டு பக்கம். படிக்க அரை மணி நேரம் கொடுத்துவிட்டு, "இப்ப வாடிக்கையாளருக்கு என்ன சொல்வீங்க?" என்று கேட்கலாம். மேனேஜர் கையெழுத்துப் போடவிட்டாரா இல்லையா என்ற பேச்சுக்கே அங்கே இடமில்லை. கேஸ் ஸ்டடியை எடுத்துவிடச் சொல்லவில்லை. அதோடு இதையும் சேர்த்தால், அடுத்தவர் எழுதிக் கொடுத்ததை மனப்பாடம் செய்து வருகிறவரும் மாட்டுவார், நிஜமாகவே தெரிந்தவரும் தப்பிப்பார்.

நேர்காணல் அதைத்தான் செய்கிறது என்று யாராவது சொல்லலாம். பாதி உண்மை. நல்ல மதிப்பீட்டாளர் மூன்றாவது "ஏன்?" கேட்கும்போது இரவல் கதை உடைந்துவிடும். ஆனால் அந்தக் கேள்வி விண்ணப்பத்தில் எழுதியிருப்பதிலிருந்துதான் கிளம்ப வேண்டும். எழுதாமல் விட்டதைக் கேட்க அவருக்கு வழியில்லை. ‘நாங்கள் பரிசீலித்தோம்’ என்ற வரிக்குப் பின்னால் அந்த 12-ஆம் நாள் மினிட்ஸ் இருக்கிறது என்று அவருக்கு எப்படித் தெரியும்?

இன்னொன்றையும் சொல்லாமல் விட்டால் நேர்மையாக இருக்காது. இந்த மதிப்பீட்டில் தொழில் நெறி என்ற திறனுக்கு எல்லாரும் லெவல் 3 காட்டியாக வேண்டும், எந்தப் பிரிவாக இருந்தாலும் தப்ப முடியாது. அதைக் கட்டாயப்படுத்திய சங்கமே அதில் சறுக்கியது. 2018-ல் அதன் பண நிர்வாகத்தைப் பற்றி பி.டி.ஓ. நிறுவனம் தந்த உள் தணிக்கை அறிக்கை கடுமையாக எச்சரித்தது. அந்த அறிக்கை கையாளப்பட்ட விதத்தைக் கேள்வி கேட்ட நான்கு வெளி இயக்குநர்கள் நீக்கப்பட்டார்கள். வழக்கறிஞர் அலிசன் லெவிட் நடத்திய சுயேச்சையான விசாரணையின் அறிக்கை 2021 செப்டம்பரில் வெளிவந்தது. நால்வரையும் நீக்கியது தவறு என்றது அது. தலைமைச் செயல் அலுவலர், தலைவர் உட்பட மேல்மட்டத்தில் பலர் பதவி விலகினார்கள். 2022-ல் மைக்கேல் பிச்சார்ட் பிரபுவின் மறுஆய்வு வந்தது. அதே ஆண்டு பிப்ரவரியிலிருந்து ஐந்தே விதிகள் கொண்ட புதிய நடத்தை விதிகளும் அமலுக்கு வந்தன.

இதை வைத்துச் சிரிப்பது சுலபம். எனக்குச் சிரிக்கத் தோன்றவில்லை, இரண்டு காரணங்களுக்காக. ஒன்று, அவர்கள் வெளியாளைக் கூப்பிட்டு அளக்கச் சொல்லி, விழுந்த பிழையை ஊருக்கே வெளியிட்டார்கள். இரண்டு, என் தொழிலில் இந்தக் கேள்வியை யாருமே கேட்பதில்லை. இருபது வருடமாக மென்பொருள் எழுதுகிறேன். "நீ செய்தது யாருக்காவது கெடுதல் பண்ணுமா, அப்ப யார்கிட்ட என்ன சொன்னே?" என்று ஒரு நேர்காணலிலும் என்னை யாரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் 136 வார்த்தை எழுத என்னிடம் சரக்கு இருந்திருக்குமா என்பதே சந்தேகம்.

ஆனால் அந்த நான்கு பேர் கதையில் விண்ணப்பதாரருக்கு ஒரு பாடம் இருக்கிறது. தொழில் நெறி என்பது ஐந்து விதிகளை ஒப்பிப்பது இல்லை. நம்மைவிடப் பெரியவர்கள் இருக்கும் அறையில் "இது சரியில்லை" என்று நம் பெயரில் சொல்வது. அதாவது ‘நாங்கள்’ என்பதற்குப் பின்னால் ஒளிந்துகொள்ளாமல் இருப்பது. ‘நான்’ என்று எழுதச் சொல்வதில் இருக்கும் நல்ல அர்த்தம் அதுதான் என்று நினைக்கிறேன். அதை எழுத வராத இடங்களிலிருந்து வருகிறவர்களுக்கு, செய்து காட்ட ஒரு வாய்ப்பும் கொடுங்கள் என்பது மட்டும்தான் என் புகார்.

இதை எழுத உட்காரப் போகும் நண்பர்களுக்கு ஒரே ஒரு யோசனை. இன்றைக்கே ஒரு நோட்டு போடுங்கள். எந்தத் தேதியில் என்ன சிக்கல், யாரிடம் நீங்கள் என்ன சொன்னீர்கள், ஏன் சொன்னீர்கள், வேறு என்ன வழி இருந்தது, அதை ஏன் விட்டீர்கள். வாடிக்கையாளர் ரகசியத்தை அதில் கொட்ட வேண்டாம், உங்கள் தீர்மானம் மட்டும் போதும். மூன்று வருடம் கழித்து யோசித்தால் ‘நாங்கள்’தான் ஞாபகம் வரும்.

மச்சினன் அந்தப் பத்தியைத் திருப்பி எழுதி அனுப்பினான். எல்லா இடத்திலும் ‘நான்’ வந்திருந்தது, ஒரு இடம் தவிர. அந்த மினிட்ஸைப் பழைய ஃபைல்களிலிருந்து தேடி எடுத்தது அவன் ஆபீஸ் டாக்குமென்ட் கன்ட்ரோலராம், அதனால் அந்த வரியில் ‘நாங்கள்’ என்றே விட்டிருந்தான். "இதையும் மாத்தணுமா மாமா?" என்று கேட்டான். வேண்டாம் என்றேன்.